பெரியப்பாவின் பட்டறை: பழைய கருவிகளுக்குப் புதிய வீடு தேடிய கதை

  

‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!’ என்று கூவிக்கொண்டு தெருவில் வருவோரைத் தமிழ்நாட்டில் பிறந்து இங்கு வந்த நம் பாட்டன்மார் நன்கறிவர். ஓட்டைக் குடம், உடைந்த வாளி, தேய்ந்துபோன கலப்பைக் கொழு முதலியவற்றை எடைபோட்டு வாங்கிக்கொண்டு, அதற்கீடாக ஒரு பிடி பேரீச்சம்பழத்தைத் தாளில் சுற்றித் தருவார்கள். கடற்பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில் இத்தொழில் செய்வோரைக் ‘காராங் குனி’ என்று அழைப்பர். கோணிப்பையைத் தோளில் சுமந்து வந்தமையால் வந்த மலாய்ப் பெயர் அது. அதிலுள்ள ‘குனி’யும் நம்முடைய ‘கோணி’யும் உறவுச் சொற்களே. இன்று கோணி போய்த் தள்ளுவண்டி வந்துவிட்டது. ஆயினும், அடுக்குமாடி வீடுகளின் நடைக்கூடத்தில் ஊதுகுழலை அழுத்திக்கொண்டு அவர்கள் வரும் ஓசை நிற்கவில்லை.

இரும்பை எடைக்குப் போடுவது எளிது. ஓர் உளியை உளியாகவே இன்னொருவர் கைக்கு மாற்றுவதோ அத்துணை எளிதன்று. இவ்வுண்மையை நான் 2019ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பெரும் பிழையும் செய்தேன்.

என் பெரியப்பா இளமையில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து ஃபிட்டராக உயர்ந்தவர். 1938இல் திறக்கப்பட்ட அத்தளத்தில் நம்மவரும் மலையாளிகளும் ஏராளமாகப் பணிபுரிந்தனர். 1971 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறின. அதன்பின் பெரியப்பா தம் சேமிப்பைக் கொண்டு ஜாலான் புசார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சிறு பட்டறை அமைத்தார். சிராங்கூன் சாலைத் தையற்காரர்களின் இயந்திரம், தேக்காக் கடைக்காரர்களின் தராசு, இல்லத்தரசிகளின் மாவரைக்கும் கிரைண்டர், கோயிற் குத்துவிளக்கின் முறிந்த தண்டு என எது வந்தாலும் பழுது பார்ப்பார். ‘முடியாது’ என்று சொல்லி அவர் திருப்பியனுப்பியதை நான் கண்டதில்லை. ‘இருக்கட்டும், பார்ப்போம்’ என்று வாங்கி வைத்துக்கொள்வார். பட்டறை நிரம்பி வழிந்ததற்கு அந்த ‘இருக்கட்டும்’ என்ற சொல்லே காரணம்!

2018இல் அவர் இயற்கை எய்தினார். மறு ஆண்டு கடையின் குத்தகை முடிந்தது. முப்பத்தொரு நாளில் காலிசெய்து தருமாறு உரிமையாளர் அறிவித்துவிட்டார். பெரியப்பாவின் மூத்த புதல்வரான அண்ணன், ‘லாரியை வரவழைத்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம்’ என்றார். தம்பியோ ஓர் ஆணியைக்கூட விட மனமின்றி, ‘எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோவோம்’ என்றான். நான்கறை அடுக்குமாடி வீட்டில் அவற்றை எங்கே வைப்பது? இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு மனக்கசப்பு வளர்ந்தது. பெரியம்மா மட்டும் ஒரு சொல் சொன்னார்: ‘அவர் கையைத் தராசில் வைக்காதீர்கள்.’ அதன் பிறகே என்னை அழைத்தார்கள். தலைமையாசிரியன் என்றால் எல்லாம் தெரியும் என்று நம் மக்கள் எண்ணுவது வழக்கமன்றோ!

பத்து ஆண்டுகளுக்கு முன்பாயின் இச்சிக்கலே எழுந்திராது. பட்டறையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே சுங்கை ரோடு சந்தை இருந்தது. ரோச்சோர் கால்வாயை ஒட்டி 1930களில் தோன்றிய சந்தை அது. தரையில் ஒரு துணியை விரித்து, பழைய கடிகாரம், வானொலி, நாணயம், துருப்பிடித்த ஸ்பேனர், ஒற்றைக்கால் செருப்பு முதற்கொண்டு விற்பார்கள். அருகில் பனிக்கட்டி ஆலை ஒன்று இருந்தமையால் சீனர்கள் அவ்விடத்தை உறைபனிப் பாலம் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆங்கிலத்தில் அதற்குத் ‘திருடர் சந்தை’ என்று பெயர். ‘ராபின்சன் பெத்தாங்’, அதாவது ‘மாலைநேர ராபின்சன்’ என்னும் கேலிப் பெயரும் உண்டு. 1858இல் தொடங்கப்பட்ட ராபின்சன் என்னும் பெரிய அங்காடியில் செல்வர் பொருள் வாங்கினர். ஏழைக்கு மாலையில் இந்த ராபின்சன்! போருக்குப் பின் படைத்துறையின் மிச்சப் பொருள்கள் அங்கே குவிந்தன. பெரியப்பாவின் கருவிகளில் பாதி அங்கே வாங்கியவைதாம். 1980களில் விடுமுறைக்குச் சென்ற என்னையும் கையைப் பிடித்து அழைத்துப் போவார். ஓர் அரத்தை எடுத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பல் மழுங்கியிருந்தால் வைத்துவிடுவார். விலையைப் பிறகுதான் கேட்பார்.

ஜாலான் புசார் பெருவிரைவு ரயில் நிலையக் கட்டுமானத்துக்காக 2011இல் அச்சந்தையின் பரப்பளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2017 ஜூலை 10ஆம் நாளுடன் அது அறவே மூடப்பட்டது. வாடகையின்றிக் கடை விரிக்க அந்நகரில் எஞ்சியிருந்த இடம் அது ஒன்றே. மூடியதற்கு அரசு கூறிய காரணங்கள் உண்டு. நிலம் அரிதான தீவில் அவற்றை எளிதில் ஒதுக்க இயலாது. எனினும், ஒரு நகரத்துக்குப் பழம்பொருள் சந்தை என்பது குடலைப் போன்றது என்பது என் கருத்து. சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானபோது பழைய புத்தகம் தேடுவோர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது விளங்கும். சந்தை இருந்தால் பொருளே தனக்குரிய ஆளைத் தேடிக்கொள்ளும். சந்தை இல்லையேல் நாம்தாம் ஆளைத் தேடவேண்டும். எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

இனி, நான் செய்த பிழையைக் கூறுகிறேன்.

முதல் நாளே சுறுசுறுப்பைக் காட்ட விரும்பி, மேசைக்கடியில் கிடந்த பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். உள்ளே துருவேறிய பல்சக்கரங்கள் பதினான்கு கிடந்தன. ஏதோ பழைய கடிகாரத்தின் பாகங்கள் என்று கருதி, வாசலில் வந்து நின்ற காராங் குனிக்காரரிடம் மற்ற தகரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கிடைத்த வெள்ளியில் இருவருக்குக் காப்பி வாங்கலாம். அவ்வளவே. மாலையில் வந்த தம்பி வெறுமையான இடத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கடைசல் இயந்திரத்தின் மீது கையை வைத்துக்கொண்டு நின்றான். அவை அந்த இயந்திரத்தின் மாற்றுச் சக்கரங்கள்!

மாணவர்களே, இதைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நலம். பட்டறையின் நடுவில் இருந்தது மைஃபோர்ட் என்னும் ஆங்கில நிறுவனம் செய்த சிறு லேத்து. நாட்டிங்காம் நகருக்கு அருகில் பீஸ்டன் என்னும் ஊரில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செய்யத் தொடங்கிய வகை அது. இரும்புத் தண்டை இயந்திரம் சுழற்றும். உளி அதன்மீது ஊர்ந்து சீவும். தண்டில் மரை வெட்ட வேண்டுமானால், தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி எவ்வளவு தொலைவு நகர வேண்டும் என்பதைத் திட்டமாக அமைக்க வேண்டும். உளியை நகர்த்துவது ஒரு நீண்ட திருகுத் தண்டு. அதில் அங்குலத்துக்கு 8 மரைகள் உள்ளன. நாம் அங்குலத்துக்கு 16 மரை வேண்டுமென்றால், திருகுத் தண்டு பாதி வேகத்தில் சுழன்றால் போதும். ஆகவே, ஓட்டும் சக்கரத்துக்கு 20 பற்களும் ஓடும் சக்கரத்துக்கு 40 பற்களும் இருக்குமாறு பொருத்துவர். இது எளிய கணக்கு.

தண்ணீர்க் குழாய்களில் கால் அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 19 மரைகள். இப்போது என்ன செய்வது? எட்டைப் பத்தொன்பதால் வகுத்த விகிதம் வேண்டும். 20 பல் சக்கரம் 38 பல் சக்கரத்தை ஓட்ட, அதனோடு சேர்ந்து சுழலும் 40 பல் சக்கரம் 50 பல் சக்கரத்தை ஓட்டட்டும். 20ஐ 40ஆல் பெருக்கினால் 800. 38ஐ 50ஆல் பெருக்கினால் 1900. எண்ணூறுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதுவே எட்டுக்குப் பத்தொன்பது! ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். அந்த 38 பல் சக்கரம் இல்லையேல், மற்றவை அனைத்தும் இருந்தும் இக்கணக்குக் கூடாது. நான் இரண்டு காப்பிக்கு விற்றது இத்தகைய கணக்குகள் அடங்கிய பெட்டியை.

மறுநாள் விடியலிலேயே அந்தக் காராங் குனிக்காரரைத் தேடிப் புறப்பட்டோம். எழுபதைக் கடந்த சீன முதியவர். மலாயில் பேசினோம். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை. தாம் இரும்பு கொடுக்கும் கிடங்குக்குத் தாமே எங்களை அழைத்துச் சென்றார். மலைபோற் குவிந்திருந்த தகரத்தைக் கிளறி, நண்பகல் வரை தேடியதில் பன்னிரண்டு கிடைத்தன. 38 பற்கள் உடையதும் 55 பற்கள் உடையதும் கிடைக்கவில்லை. முதியவர் நாங்கள் நீட்டிய பணத்தில் முதல் நாள் எனக்குத் தந்த தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு மூவரும் பேசி ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: எதுவென்று தெரியாத பொருள் எதுவும் முதல் வாரத்தில் வாசலைத் தாண்டக்கூடாது. பட்டறைகளில் ஒரு பொருளின் உறுப்புகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. இழைப்புளி அலமாரியில் இருக்கும், அதன் அலகு எண்ணெய்த் தாளில் சுற்றப்பட்டு இழுப்பறையில் உறங்கும். துளைக்கருவியின் சாவி, அதன் கம்பியிலேயே கட்டப்பட்டிருந்தால் நற்பேறு. ஆகையால் முதலில் சேர்த்தல், பிறகே பிரித்தல். அண்ணனின் மகள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து எண்ணிட்டாள். அவளுடைய பட்டியல் நானூறைத் தாண்டியது. ‘சித்தப்பா, இதற்கு என்ன பெயர்?’ என்று அவள் கேட்கும்போது பாதிக்கு மேல் எனக்கும் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருந்தது. தந்தையிடம் முப்பது ஆண்டு ஏச்சு வாங்கியதன் பயன் அது.

பிரிக்கும்போது ஒரு காந்தம் பெருந்துணை புரியும். இரும்பும் எஃகும் ஒட்டும். பித்தளை, செம்பு, ஈயம், அலுமினியம் ஒட்டா. பித்தளை முலாம் பூசிய இரும்புப் பிடியைப் பித்தளை என்று ஏமாறாதிருக்கவும் காந்தமே சாட்சி. அடுத்து, அருகிலும் செல்லக்கூடாத பொருள்கள் சில உண்டு. பழைய ஊர்திகளின் பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. போர்க்காலக் கருவிமானிகளில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பர். ஒளி மங்கிப் போனாலும் ரேடியத்தின் கதிர்வீச்சு மங்குவதில்லை. ஆகவே கண்ணாடியைத் திறக்கலாகாது. பழைய வால்வு வானொலியின் மின்தேக்கி, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதிர்ச்சி தரவல்லது. இவை கிடைத்தால் பிள்ளைகள் தொடாமல் பெரியவர்களை அழைக்க வேண்டும். பெரியவர்களும் வீரம் காட்டாமல் அறிந்தவரை அழைக்க வேண்டும்.

துருவைப் பற்றியும் ஒரு சொல். இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவுடனும் ஈரத்துடனும் கூடித் துருவாகிறது. சிங்கப்பூரைப் போன்ற ஈரக் காற்றுடைய ஊரில் ஓராண்டு பூட்டிய பட்டறை செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். நம் தோட்டத்துப் பழைய சீட்டு ரோலர்களைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. நாங்கள் செய்தது எளிய முறை: சிறு கருவிகளைச் சமையற் காடியில் ஓரிரவு ஊறவைத்து, தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்து, சோடா உப்புக் கரைத்த நீரில் அலசி, வெயிலில் நன்கு உலர்த்தி, உடனே எண்ணெய் பூசினோம். உலர்த்துவதில் சோம்பல் பட்டால் மறுநாளே புதுத்துரு முளைக்கும். பித்தளைக்குப் புளியே போதும். இதைப் பெரியம்மா யாரிடமும் கற்க வேண்டியதில்லை. பளபளப்பாக்குவதில் மட்டும் அளவு வேண்டும். அரவைச் சக்கரத்தில் பிடித்து மின்னவைத்தால், கருவியில் பொறித்த நிறுவனப் பெயரும் எண்ணும் அழிந்துவிடும். அறிந்து வாங்குவோர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கருவிகளைத் துடைத்தபோது ஒன்றைக் கண்டோம். ஏறக்குறைய எல்லாக் கைப்பிடிகளிலும் உலர்ந்த சந்தனப் பூச்சு, ஏடு ஏடாகப் படிந்திருந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பெரியப்பா வைத்த பொட்டுகள். அண்ணன் ஒரு சுத்தியலை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். லாரி பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

சரி, யாருக்குக் கொடுப்பது?

முதலில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தை அணுகினோம். இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு மூடி இல்லை, ஆகவே மாணவர் கையில் தர இயலாது என்று மறுத்துவிட்டனர். மனம் வருந்தினோம் என்றாலும், அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. பெரியப்பாவின் இடக்கைச் சுட்டுவிரல் நுனி அந்த மூடியில்லாத காலத்துக்குத்தான் போயிற்று.

விட்வொர்த் கருவிகளின் கதை வேறு. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் திருகாணி மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வோர் அளவு; ஓரிடத்து நட்டு மற்றோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. அவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ரிக் மரைக்கோ 60 பாகை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்துள்ள எண் போல்ட்டின் தலையகலத்தைக் குறிப்பதன்று. போல்ட் தண்டின் குறுக்களவைக் குறிப்பது. இவ்வேறுபாடு அறியாமல் புதிய ஸ்பேனரைப் பழைய போல்ட்டில் மாட்டித் தலையை உருட்டைக்கல் ஆக்கியவர் பலர். இன்றைய பட்டறைகளுக்கு இக்கருவிகள் வேண்டா. ஆனால், பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்போர் இவற்றைப் பொன்னாகப் போற்றுவர். மின்கம்பி எட்டாத காலத்தில் பல தோட்டங்களில் ஓடிய லிஸ்டர் எஞ்சினுக்கும் இந்த மரையே. கரோசெல் என்னும் சிங்கப்பூர் இணையச் சந்தையில், 2012இல் தொடங்கப்பட்டது அது, அண்ணனின் மகள் படத்தையும் அளவையும் தெளிவாகப் போட்டாள். ‘பழைய ஸ்பேனர்கள்’ என்று எழுதியபோது ஒருவரும் வரவில்லை. ‘விட்வொர்த் ஸ்பேனர்’ என்று பெயரைத் திருத்தியதும் அன்று மாலையே இருவர் வந்தனர். பொருளுக்குச் சரியான பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தையல் இயந்திரங்கள் ஒன்பது இருந்தன. அவற்றுள் சிங்கர் இயந்திரங்களின் அடித்தட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அவற்றைக் கொண்டு எந்த ஆண்டில் எந்த ஆலையில் பிறந்தது என்று கண்டறியலாம். எங்களுடையவற்றில் மூன்று, 1980இல் மூடப்பட்ட ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவை. ஓடும் நிலையிலிருந்த நான்கை வீட்டில் தையல் வேலை செய்யும் பெண்கள் வாங்கிக்கொண்டனர். ஓடாதவற்றின் உறுப்புகளைக் கழற்றி இன்னும் ஒன்றை ஓடவைத்தான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்தில் கால் வைக்க இடமிராது. கட்டடப் பணியிலும் கப்பல் தளத்திலும் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்காளத் தொழிலாளர்களும் வாரத்துக்கொரு முறை கூடுமிடம் அது. பட்டறைக் கதவைத் திறந்து வைத்து, கைக்கருவிகளை ஒரு மேசையில் பரப்பினோம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உளிகளை ஒவ்வொன்றாக நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். பெரியப்பா பார்ப்பதைப் போலவே! ஊரில் அவர் தந்தையார் தச்சர். விலை கேட்கத் தயங்கினார். அண்ணன் உளிகளோடு இரண்டு இழைப்புளிகளையும் ஒரு சாணைக்கல்லையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, ‘அப்பாவிடம் காட்டுங்கள் தம்பி’ என்று மட்டும் சொன்னார். பணம் வாங்கவில்லை. அன்றாடம் கணக்கெழுதும் அண்ணனா இவர் என்று நான் வியந்தேன். இத்தகைய கருவிகளை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். பெட்டியில் வைத்துச் சரக்காகவே ஏற்ற வேண்டும். மற்றும் சிலர் அங்குள்ள சரக்குக் கடைகள் வழியே கப்பலில் அனுப்பிக்கொண்டனர்.

இவ்வாறு கருவியைக் கைமாற்றுவதையே ஒரு தொண்டாகச் செய்தோர் உலகில் உண்டு. ‘டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்’ என்னும் அமைப்பு 1979இல் இங்கிலாந்தில் தோன்றியது. வீடுகளில் முடங்கிய கருவிகளைத் திரட்டி, தொண்டர்கள் துருநீக்கிக் கூர்தீட்டி, தச்சர் பெட்டி, கொல்லர் பெட்டி என்று தொழில்வாரியாகத் தொகுத்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பியது. அதே 1979இல் அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொதுநூலகம், புத்தகத்தைப் போலவே கருவிகளையும் இரவல் தரத் தொடங்கியது. ஆண்டுக்கொரு முறை வேண்டும் துளைக்கருவியை ஒவ்வொரு வீடும் வாங்குவானேன்?

சிங்கப்பூரில் 2014இல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்னும் முயற்சி தொடங்கியது. கோப்பித்தியாம் என்பது நாமறிந்த காப்பிக் கடையே. பழுதான மின்விசிறி, சோறு வடிக்கும் பானை முதலியவற்றை மக்கள் கொண்டுவருவர். தொண்டர்கள் அருகிலிருந்து, அவரையே கொண்டு பழுது பார்க்கச் செய்வர். 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் அம்மையார் தொடங்கிய ‘பழுதுபார்க்கும் காப்பிக் கடை’யின் வழிவந்த எண்ணம் இது. எங்கள் திருப்புளிகளும் பற்றவைப்பு இரும்புகளும் அத்தகைய தொண்டர் ஒருவர் கைக்குச் சென்றன.

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், சமூகத்தார் அளித்த பொருள்கள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அதைப் பார்த்து வந்த அண்ணனின் மகள், தாத்தாவின் கடற்படைத் தள அடையாள வில்லையையும் கூலிச்சீட்டுகளையும், அவர் கைப்பட எழுதிய அளவுக் குறிப்பேட்டையும் தனியே எடுத்து வைத்தாள். அருங்காட்சியகத்துக்குப் பொருள் மட்டும் போதாது. யாருடையது, எப்போது, எதற்குப் பயன்பட்டது என்னும் வரலாறும் வேண்டும். ஆகவே பெரியம்மாவை உட்காரவைத்துப் பேசச் செய்து பதிவு செய்துகொண்டாள். அவற்றை வழங்குவதா, குடும்பத்திலேயே வைத்துக்கொள்வதா என்பதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் வீடு கிடைத்துவிட்டதென்று கூறினால் பொய்யாகும். வெடித்த வார்ப்பிரும்பு, உடைந்த துளையூசிகள், பெயரறியாத தகடுகள் ஆகியன கடைசி வாரத்தில் எடைக்குத்தான் போயின. பழைய இரும்பு உருக்கப்பட்டு மீண்டும் இரும்பாகும், அதில் குறையொன்றுமில்லை. குப்பைக்குப் போவதுதான் கேடு. சிங்கப்பூர் தன் குப்பையில் எரியத்தக்கதை எரித்து, சாம்பலையும் எரியாததையும் கடல்நடுவே செமக்காவ் தீவில் கொட்டுகிறது. 1999 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்நிலப்பரப்பு, ஏழு கிலோமீட்டர் நீளக் கல்லணையால் கடலை வளைத்து உண்டாக்கியது. அதை விட்டால் அந்நாட்டுக்கு வேறு குப்பைமேடு கிடையாது. அதுவும் 2035வாக்கில் நிரம்பிவிடுமென்று கணித்துள்ளனர். மின்சாதனக் கழிவு மட்டும் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன். 2021 ஜூலை முதல், அத்தகைய சாதனங்களை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோருமே அவற்றைத் திரும்பப் பெற்று மறுபயனாக்கப் பொறுப்பேற்க வேண்டுமெனச் சட்டவழி செய்துள்ளனர். நாங்கள் காலிசெய்த ஆண்டில் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆதலின் பழைய மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பியை எடுக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

லேத்துதான் கடைசிவரை நின்றது. இரண்டு சக்கரம் குறைகிறதென்று கேட்டதும் மூவர் திரும்பிப் போயினர். நான் ஒவ்வொரு முறையும் பின்கதவுப் பக்கம் ஒதுங்கி நின்றேன். இருபத்தொன்பதாம் நாள், ஓய்வுபெற்ற கப்பல்துறைத் தொழில்நுட்பர் ஒருவர் வந்தார். வீட்டில் சிறு நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்பவராம். இயந்திரத்தின் படுகையை விரலால் தடவினார். சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ‘எண்ணெய் விட்டே வளர்த்திருக்கிறார்’ என்றார். நாங்கள் கேட்டதிற் சற்றுக் குறைத்து வாங்கிக்கொண்டார். ஏற்றிச் செல்லும்போது தம்பி உடன் சென்று பொருத்திக் கொடுத்துவிட்டு, இரவு வெகுநேரம் கழித்தே வீடு திரும்பினான். இன்றும் மாதமொரு முறை அங்கே போய் வருகிறான்.

முப்பத்தொன்றாம் நாள் சாவியைக் கொடுத்தோம். எனக்கென்று ஒன்றைப் பெரியம்மா எடுத்து வைத்திருந்தார்: மேசையில் முடுக்கியிருந்த பழைய ஷெஃபீல்டு வைஸ். பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் காட்டி, கடற்பாலத்தைக் கடந்து கொண்டுவந்தேன். நம் பள்ளியின் கைத்தொழில் கொட்டகையில், சன்னலோரத்து மேசையில் இருப்பது அதுவே. அதன் பிடியில் மங்கலாகத் தெரியும் மஞ்சட்கறை வண்ணப்பூச்சன்று. மாணவர்கள் அதைச் சுரண்டாதிருப்பார்களாக.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வட்டாரத் தோட்டங்களின் பழைய ஸ்டோர்களிலும் பட்டறைகளிலும் மைஃபோர்ட் லேத்தின் உதிரிகள் எங்கேனும் கிடக்கலாம். 38 பற்கள் உடைய சக்கரம், ஒரு பல்முனையிலிருந்து எதிர்ப் பல்முனை வரை அளந்தால் சரியாக 2 அங்குலம் இருக்கும். 55 பற்கள் உடையது 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். புதிதாகச் செய்வித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெரியவர் பெருந்தன்மையுடன் கூறிவிட்டார். எனினும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டவர்கள் பள்ளி அலுவலகத்தில் சேர்ப்பித்தால் உரிய விலை கொடுத்துப் பெற்றுக்கொள்வேன்.